கடற்கரைச் சிற்றூரும் சித்திரக்காரர் கண்களும்

நமது தோட்டத்து ஆபீசில், வரவுப் பட்டியல் தொங்கும் ஆணிக்கு அடுத்த ஆணியில், உர வியாபாரி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த நாட்காட்டியொன்று ஓராண்டுக் காலம் தொங்கிற்று. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வாலின் கடலோரச் சிற்றூர் ஒன்று அதிலே படமாக அச்சாகியிருந்தது. சாம்பல் நிறக் கல்வீடுகள். பிறைபோல் வளைந்த சிறு துறை. தெளிந்த நீரில் சிவப்பும் நீலமுமாய் நாலைந்து படகுகள். ஆபீசுக்கு வந்தோர் யாவரும் "ஆகா" என்றனர். நாமும் என்றோம். ஆபீசைக் கூட்டிப் பெருக்க வரும் முதியவள் ஒருத்தி, நாற்பதாண்டு பால்மரம் சீவிக் கை காய்த்தவள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அப்படத்தை நெடுநேரம் நோக்கினாள். பின்பு, "இத்தனை வீடு இருக்கு, ஒரு மனுசரக்கூடக் காணோமே ஐயா, எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

நாம் நகைத்து, "ஆமாம் பாட்டி, வேலைக்குத்தான் போயிருப்பார்கள்" என்று சொல்லிக் கணக்கில் மூழ்கிவிட்டோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாளிலே அந்நாட்டுக் கடற்கரைகளைப்பற்றிப் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டவர் நாம். அவற்றில் எவர் குடியிருக்கிறார் என்று ஒருகாலும் கேட்டதில்லை. எழுத்தறியாத ஒருத்தி ஒரே பார்வையில் கேட்டுவிட்டாள்.

லண்டனில் தாதியாகப் பணிபுரியும் நம் தமக்கையாரின் அழைப்பால் அண்மையில் அந்நாட்டுக்குச் செல்ல வாய்த்தது. கார்ன்வாலுக்கும் போய்வருவதென்று முன்னரே முடிவுசெய்துகொண்டோம். நாம் தேர்ந்த ஊர் நியூலின். ஐரோப்பாவிலே சித்திரக்காரர் காதலித்த கடற்கரைச் சிற்றூர்கள் பல உள. நியூலினைப் போல ஒரு சித்திர மரபுக்கே தன் பெயரைக் கொடுத்தவை சிலவே. 1880-களில் அங்கே குடியேறிய ஓவியர் கூட்டத்தை இன்றும் 'நியூலின் பள்ளி' என்றே கலைநூலார் வழங்குகின்றனர்.

ஊரைக் காணுமுன் அதன் படங்களைக் காண விரும்பி, முதலில் லண்டன் டேட் சித்திரசாலைக்குச் சென்றோம். அங்குள்ள படம் பிராங்க் பிராம்லி 1888-இல் தீட்டிய 'நம்பிக்கையற்ற விடியல்'. மீனவன் குடில் ஒன்றின் உட்புறம். மேசையில் வெள்ளை விரிப்பு. உண்ண வரவேண்டியவன் வரவில்லை. சாளரத்துக்கு அப்பால் கொந்தளிக்கும் கடல், வெளிறிய வானம். மெழுகுவத்தி எரிந்து தீர்ந்து புகைகின்றது. இளம் மனைவி தரையில் முழந்தாளிட்டு, முதியவளின் மடியில் முகம் புதைத்துக் கிடக்கின்றாள். அருகே திறந்தபடி வேதப் புத்தகம். விடியற்காலத்து வெளிச்சமும் சாகின்ற மெழுகின் வெளிச்சமும் அவ்விரு பெண்களின் மீது கலந்து விழும் அருமையை எழுத்தில் வடிக்க நமக்குத் திறமில்லை. நின்றோம், நெஞ்சு கனத்தது, அதை மறைப்பதற்கில்லை.

அதே சித்திரசாலைக்கு உரியது ஸ்டான்ஹோப் போர்ப்ஸ் என்பார் 1889-இல் வரைந்த 'மணமகள் நலம்' என்னும் படம். நியூலின் கலியாண விருந்து ஒன்றில் மணமக்களை வாழ்த்திக் கோப்பை உயர்த்துகின்றனர். இதனை விலைக்கு வாங்கி நாட்டுக்கு அளித்தவர் ஹென்றி டேட். சர்க்கரை சுத்திகரித்துக் கோடீசுவரரானவர். அந்தச் சித்திரசாலையே அவர் பெயரால் நிற்பது. கரும்பு வெட்டினவர் கதை எந்தச் சாலையில் தொங்குகிறது என்று தோட்டக் கிராணிக்குத் தோன்றினால் அது குற்றமாகாது. கிடக்கட்டும், நம் விஷயத்துக்கு வருவோம்.

லண்டனிலிருந்து மேற்கே செல்லும் ரயில் பிளிமத் நகரில் நிற்கும். அங்கே இறங்கி, போர்ப்ஸின் பேர்பெற்ற படைப்பாகிய 'கார்ன்வால் கடற்கரையில் மீன் விற்பனை' என்பதைக் கண்டோம். 1885-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டு அவருக்குப் புகழ் தேடித் தந்த படம் இது. அலை வடிந்த ஈரமணல் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டுகின்றது. மணலிலே திருக்கையும் பிற மீன்களும் கிடக்கின்றன. சற்று அப்பால் ஏலம் கூறுவோனைச் சூழ்ந்து ஒரு கும்பல். முன்னே மீன்காரப் பெண்கள். அறைக்குள் அமர்ந்து கற்பனையால் தீட்டியதன்று. காற்றிலும் தூறலிலும் சட்டத்தைக் கடற்கரைக்குச் சுமந்து சென்று, அவ்வூர்ப் பெண்களையும் ஆண்களையும் கூலி கொடுத்து நிறுத்தி, மாதக்கணக்காக வரைந்தது. பிரெஞ்சு நாட்டில் பாஸ்தியன் லெபாஜ் காட்டிய வழி அது. போர்ப்ஸும் பிரிட்டனி கடலோரத்தில் அவ்வழியைப் பழகிவிட்டே நியூலினுக்கு வந்தார். அவர் வந்தது 1884-இல்.

மீன் ஏன் மணலில் விற்கப்பட்டது? பெரிய கப்பல்துறை அப்போது அங்கில்லை, அதுதான் காரணம். 1880-களின் நடுவிலிருந்து தெற்குத் துறைப்பாலமும் வடக்குத் துறைப்பாலமும் எழும்பின. மீன் கல்தளத்தில் இறங்கிற்று. கண்ணாடி மணலும் அதிலே நிழலாடிய கும்பலும் மறைந்தன. மீனவனுக்கு இலாபமாகியது சித்திரக்காரனுக்கு நஷ்டமாயிற்று. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. படத்துக்கு உகந்ததும் வாழ்வுக்கு உகந்ததும் ஒன்றாகவே இருக்குமென்று கருதுவோர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

பிளிமத்தை விட்டதும் ரயில் டேமர் ஆற்றைப் புரூனெல் கட்டிய பாலத்தின்மேல் கடக்கின்றது. அப்பாலம் 1859-இல் திறக்கப்பட்டது. அதற்கப்புறந்தான் லண்டனும் கார்ன்வாலின் கோடியும் இருப்புப்பாதையால் நெருங்கின. காலையில் பிடித்த மீன் விரைந்து லண்டன் போயிற்று; லண்டனிலிருந்து சித்திரக்காரர் வந்தனர். ஒரே பாதை இரண்டையும் செய்தது. மலிவான குடிக்கூலி, தெளிந்த வெளிச்சம், நிற்கச் சொன்னால் நிற்கும் ஏழை ஜனங்கள்: இம்மூன்றும் ஓவியர் கூட்டத்தை அங்கே கொண்டு சேர்த்தன.

பென்ஸான்ஸ் நிலையத்தில் இறங்கிக் கடலோர நடைபாதை வழியே நியூலினுக்கு நடந்தோம். கடலுக்குள்ளே செயிண்ட் மைக்கேல் குன்று மூடுபனியில் நிழலாய் நின்றது. அன்று மழை. அதே நடைபாதையை அதே மழையில் நார்மன் கார்ஸ்டின் 1889-இல் வரைந்திருக்கின்றார். அகாடமியார் அதை வேண்டாமென்று தள்ளினர். இன்று பென்ஸான்ஸ் பென்லி மாளிகையில் அது பொக்கிஷமாக இருக்கின்றது. குடை பிடித்து அந்நடைபாதையில் நடந்த நமக்கு, அப்படத்தில் ஒரு பொய்யும் இல்லை என்று சாட்சி சொல்லக் கூடும்.

நியூலினில் நுழைந்ததும் முதலில் நம்மை எதிர்கொண்டது டீசல் நாற்றம். பிறகு மீன் நாற்றம். பிறகு கடற்காக்கைகளின் கூச்சல். இங்கிலாந்தின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக இன்றும் விளங்கும் ஊர் அது. துருவேறிய இழுவைப் படகுகளும், பனிக்கட்டி நிரம்பிய பெட்டிகளும், ரப்பர் பூட்சு அணிந்த ஆட்களுமாய் ஓர் உழைக்கும் துறை. நாட்காட்டி அச்சிடுவோர் அங்கே இறங்கமாட்டார்கள். நமக்கோ அதுவே பிடித்தது. துறைப்பாலத்தின் கோடியில் கடல்மட்டம் அளக்கும் சிறு நிலையமொன்று உண்டு. 1915 முதல் 1921 வரை அங்கு அளந்த சராசரி நீர்மட்டமே பிரிட்டன் நிலப்பரப்பின் மலைகளுக்கெல்லாம் உயரம் கணக்கிட அடிக்கோடாக வைக்கப்பட்டது. அளவும் கணக்கும் நமது பிழைப்பாதலின், சித்திரங்களைக் காட்டிலும் அச்சிறு கட்டிடத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தோம் என்பதை வாசகர் பொறுத்துக்கொள்வாராக.

இனி அந்த ஓவியர்களைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும். அவர்களைப் பொழுதுபோக்குக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம். அரசரையும் பிரபுக்களையும் புராண தேவதைகளையும் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், மீன் நாறும் கைகளைப் பெரிய சட்டத்துக்குள் கொண்டுவந்து அகாடமிச் சுவரில் மாட்டியவர் அவர். அவருள்ளும் முன்னவர் வால்டர் லாங்லி. பர்மிங்காமில் கூலித் தையற்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பதினைந்தாம் வயதில் கல்லச்சுத் தொழிலுக்குப் போனவர். 1882-இல் நியூலினிற் குடியேறினார். வறுமையைத் தூரத்திலிருந்து பார்த்தவரல்லர். நீர்வர்ணத்தில் அவர் வரைந்த முதியவரின் முகங்களில், உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை என்னும் களைப்பு தெரிகின்றது. 1897-இல் லண்டன் அகாடமியில் வைக்கப்பட்ட அவர் படமொன்றில், ஏழைச் சிறுவன் ஒருவன் தனக்கு இட்ட உணவை உண்கின்றான். டால்ஸ்டாய் தமது 'கலை என்றால் என்ன' என்னும் நூலில் அப்படத்தை உண்மைக் கலைக்கு உதாரணமாக எடுத்துக்காட்டிப் பாராட்டினார். பெரும் பெரும் பெயர்களையெல்லாம் தயங்காது தூற்றிய அக்கிழவர், ஒரு தையற்காரர் மகனைப் போற்றியது சிறிய காரியமன்று.

போர்ப்ஸின் மனைவியார் எலிசபெத், கனடாவிற் பிறந்தவர், கணவருக்குச் சிறிதும் குறையாத கலைஞர். பள்ளி விடும் வேளையை அவர் 1889-இல் வரைந்த படம் பென்லி மாளிகையில் இருக்கின்றது. 1899-இல் கணவரும் மனைவியும் சேர்ந்து நியூலினில் சித்திரப் பள்ளி நடத்தத் தொடங்கினர். ஆயினும் உலகம் கணவர் பெயரையே உரக்கச் சொல்கின்றது.

இத்தனை சொன்னபின் நமது குறையையும் சொல்வோம். நியூலின் படங்களில் மீனவர் என்ன செய்கின்றனர்? உழைக்கின்றனர், காத்திருக்கின்றனர், அழுகின்றனர், மணம் முடிக்கின்றனர், வேதம் ஓதுகின்றனர். எல்லாம் உண்மை. அவர்கள் செய்யாத காரியம் ஒன்று: கோபங்கொள்வதில்லை.

நிஜத்தில் கோபம் கொண்டார்கள். 1896 மே மாதத்தில் கிழக்குக் கடலோரத்து லோஸ்டாப்ட் படகுகள் ஞாயிற்றுக்கிழமையும் கடலுக்குச் சென்று மீனைக் கொண்டுவந்து நியூலினில் இறக்கின. நியூலின்காரர் மெதடிஸ்டு மார்க்கத்தார். ஞாயிறன்று வலை தொடாதவர். தாம் ஓய்ந்திருக்கும் நாளில் பிறர் பிடித்த மீன் திங்கட்கிழமைச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. பக்தி பாதி, வயிறு பாதி. கும்பலாய்ப் படகுகளில் ஏறிக் கானாங்கெளுத்தி மீனை ஆயிரமாயிரமாகக் கடலில் வாரிக் கொட்டினர். போலீசார் போதாமல் பட்டாளம் வந்தது. ஊரே கொதித்தது. அப்போது நியூலினில் ஓவியர் பலர் வாழ்ந்தனர். முந்தைய ஆண்டில் அவர்களுக்கென்று ஒரு சித்திரசாலையும் அவ்வூரில் திறந்தாகிவிட்டது. ஆனால் நியூலின் பள்ளியின் பேர்பெற்ற படங்கள் எதிலும் இக்கலகம் இல்லை.

ஞாயிறு ஓய்வை நாம் தாங்கிப் பேசவில்லை. பிறர் மீனைக் கடலில் கொட்டியதும் நியாயமன்று. நாம் கேட்பது வேறு. மடியில் முகம் புதைத்து அழும் மீனவப் பெண்ணைக் கண்டு உருகிய லண்டன் சீமான், முஷ்டி உயர்த்திய மீனவனைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாரா? மாட்டார். சித்திரக்காரரும் அதை அறிவர். துக்கப்படும் ஏழை சந்தையில் விலை போவான். வழக்காடும் ஏழை விலை போகான். பிராம்லியின் படம் பொய்யன்று. ஆனால் அரை உண்மை. நமது தமிழ்க் கதைகளிலே தோட்டத்துப் பெண் எத்தனை முறை அழுதிருக்கின்றாள், எத்தனை முறை வழக்காடியிருக்கின்றாள் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருந்தால், சித்திரக்காரர்மேல் தீர்ப்பெழுதி நாம் மகிழ்ந்திருக்கலாம். நியூலினில் கேட்டறிந்த மற்றொரு சரித்திரம் அத்தீர்ப்பைக் கலைத்துவிட்டது.

1937-இல் ஊராட்சியார் நியூலினின் பழைய குடில்கள் பலவற்றைச் சுகாதாரத்துக்குக் கேடானவை என்று குறித்து, இடித்துவிடத் திட்டமிட்டனர். குடியிருந்தோரை மேட்டின்மேலுள்ள க்வாவஸ் என்னுமிடத்துப் புதுவீடுகளில் ஏற்றுவது ஏற்பாடு. நம்மைப் போன்ற சீர்திருத்த மனப்பான்மையுடையோர் கேட்டவுடனே கைதட்டுவர். இருட்டறையும் ஈரச்சுவரும் போகட்டும், குழாய் நீரும் காற்றும் வரட்டும் என்போம். ஆனால் மீனவர் ஒப்பவில்லை. 'ரோஸ்பட்' என்னும் மீன்படகை எடுத்துக்கொண்டு, ஊரார் கையொப்பமிட்ட மனுவோடு, அவ்வாண்டு அக்டோபரில் கடல்வழியே கார்ன்வாலிலிருந்து புறப்பட்டு, தேம்ஸ் நதியில் ஏறி, வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றத்தின் அடியிலேயே போய்ச் சேர்ந்தனர். சுகாதார அமைச்சரிடம் மனுவைக் கொடுத்தனர். அவர்கள் பக்கம் நின்று எழுதியும் பேசியும் உழைத்தவருள் ஊரிலிருந்த ஓவியர்களும் உண்டு. சில வீடுகள் தப்பின, பல இடிந்தன.

மீனவர் கேட்டது என்ன? துறையையும் படகையும் கண்ணெதிரே பார்த்திருக்கும் வாசல். வலை உலர்த்தும் முற்றம். இரவில் காற்று மாறினால் ஓடிச்சென்று நங்கூரத்தைப் பார்க்கும் தூரம். மேட்டு வீட்டில் குழாய் உண்டு, இவை இல்லை. ஓவியர் கேட்டதோ அழகு. இருவரும் வேறு வேறு காரணத்தால் ஒரே சுவரைக் காக்க நின்றனர். படத்துக்கு உகந்ததும் வாழ்வுக்கு உகந்ததும் வேறென்று மேலே எழுதினோமே, அது இங்கே பலிக்கவில்லை.

இந்தச் சரித்திரம் நம்மைக் குத்தியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமற்போனால் இவ்விமர்சனம் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நமது தோட்டத்தில் பழைய லயங்களை இடித்து, ஜனங்களைச் சாலையோர அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். குடும்பவாரியாகப் பட்டியல் எழுதினது நமது கை. வீட்டெண், கதவு, சாளரம், தகரக்கூரை, தலைக்கட்டு எல்லாம் எழுதினோம். போக மறுத்த நாலு குடும்பத்தை "அறியாமை" என்று ஓரக்குறிப்பில் எழுதியதும் நாமே. ஆபீசைக் கூட்டும் முதியவளின் வீடு அந்நான்கில் ஒன்று. வாசலில் அவள் நட்ட முருங்கை மரத்துக்குப் பட்டியலில் கட்டம் இல்லை, ஆகவே எழுதவில்லை. இப்போது அவள் நாலாம் மாடியிலிருந்து விடியுமுன் இறங்கி நடந்து வருகின்றாள். லயத்துச் சுவர் ஒழுகிற்று என்பது மெய். மாடிச்சுவர் ஒழுகவில்லை என்பதும் மெய். ஆனால் அவளை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டருக்குப் படகில் போவதற்கு நமது தோட்டத்தில் கடலும் இல்லை.

நியூலினிலிருந்து கடலோரமாகவே சிறிது தூரம் நடந்தால் மௌஸல் என்னும் சிற்றூர். 'எலி வளை' என்று எழுதி, 'மௌஸல்' என்று வாசிக்கவேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இளமையைத் தொலைத்தவருக்கு இது புதிதன்று. நுழைந்ததும் திடுக்கிட்டோம்: நமது ஆபீஸ் நாட்காட்டியின் படம் இதுவேதான். அதே பிறை, அதே சாம்பல் வீடுகள். நாம் போனது குளிர்காலத் தொடக்கம், மாலை நேரம். வரிசை வரிசையாகச் சாளரங்கள் இருண்டிருந்தன. கதவுகளில் சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டிகள். பாட்டி கேட்ட கேள்விக்கு விடை கதவிலேயே தொங்கிற்று. அவ்வீட்டார் வேலைக்குப் போகவில்லை. கோடையில் வந்து தங்கும் செல்வர்களின் இரண்டாம் வீடுகளும் வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளுமே அவற்றுட் பல. ஓவியர் அழகென்றனர், உலகம் நம்பிற்று, விலை ஏறிற்று, மீனவன் மகனுக்கு எட்டாமற் போயிற்று. இதை ஒருவரும் சதி செய்து நிகழ்த்தவில்லை. அருகேயுள்ள செயிண்ட் ஐவ்ஸ் ஊரார் பொறுக்கமாட்டாமல், புதிதாகக் கட்டும் வீடுகள் இரண்டாம் வீடாதல் கூடாதென்று 2016-இல் வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். கார்ன்வால் ஊராட்சி 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வரியை இருமடங்காக்கியது.

ஆயினும் மௌஸலை வெறும் படமென்று எவரும் இகழவேண்டாம். 1981 டிசம்பர் 19-ஆம் நாள் இரவு, கடும் புயலில் 'யூனியன் ஸ்டார்' என்னும் சரக்குக் கப்பல் இயந்திரம் நின்று தத்தளித்தபோது, அதனைக் காக்கச் 'சாலமன் பிரௌன்' என்னும் உயிர்காப்புப் படகில் சென்றோர் இவ்வூரைச் சேர்ந்த எண்மர். சம்பளத்துக்குச் சென்றவரல்லர், தொண்டர்கள். படகில் எண்மரும் கப்பலில் எண்மருமாகப் பதினாறு பேரும் மாண்டனர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் துறை முழுதும் விளக்கலங்காரம் செய்யும் அவ்வூரார், அந்நாளின் இரவில் மட்டும் சிறிது நேரம் அவற்றை அணைத்துவிடுகின்றனர். பிராம்லி வரைந்த விடியல் அவருக்குப் பின் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழித்தும் அவ்வூர்ப் பெண்களுக்கு விடிந்தது. அரை உண்மையென்று நாம் சொன்ன படத்தில் இருக்கும் பாதி, எத்தனை கனமானது என்பது மௌஸல் துறையில் நின்றபோதுதான் தெரிந்தது.

மறுநாள் செயிண்ட் ஐவ்ஸ் சென்றோம். அங்கே 1993-இல் திறந்த டேட் சித்திரசாலைக்கு மேலே கடலை நோக்கியவாறு ஒரு கல்லறைத் தோட்டம். அதில் ஆல்பிரட் வாலிஸின் சமாதி. 1855-இல் பிறந்தவர், இளமையில் கடலோடி, பின்பு செயிண்ட் ஐவ்ஸில் பழைய கயிறு, இரும்பு வாங்கி விற்றவர். மனைவி 1922-இல் இறந்தபின், தனிமை தாளாமல், எழுபதை நெருங்கும் வயதில் வரையத் தொடங்கினார். கடையிலிருந்து கிடைத்த அட்டைத் துண்டுகள், படகுக்குப் பூசும் சாயம், இவைதாம் கருவிகள். 1928-இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டபர் உட் என்னும் இரு ஓவியர்கள் அவ்வழியே சென்றபோது திறந்த கதவினூடே அப்படங்களைக் கண்டு வியந்தனர். பெரிய சித்திரசாலைகள் இன்று அவற்றைப் போற்றி வைத்திருக்கின்றன. அவரோ 1942-இல் பென்ஸான்ஸுக்கு அருகே மாட்ரன் ஏழைவிடுதியில் இறந்தார்.

வாலிஸின் படங்களில் 'அழகிய காட்சி' என்பது ஒன்றுமில்லை. வீடுகள் சாய்கின்றன. துறைப்பாலம் வானத்தில் ஏறுகின்றது. கப்பல் வீட்டைவிடப் பெரிது. ஏனெனில் அவருக்கு அது பெரிது. கடல் நீலமன்று, சாம்பலும் வெள்ளையும் கரும்பச்சையும். தளத்தில் நின்று நனைந்தவன் கண்ட கடல் அது. கரையில் குடைக்கீழ் நின்றவன் கண்டதன்று. போர்ப்ஸ் ஆண்டுக்கணக்கில் பயின்ற தேர்ச்சி இங்கே இல்லை. இருந்தும் அட்டைத்துண்டு ஒன்றன்முன் நின்றபோது கால் ஊன்றிக்கொள்ளத் தோன்றிற்று. நியூலின் பள்ளியாரை நாம் மதிக்கிறோம்; வாலிஸை நம்புகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அவர் சமாதியை மண் ஓடுகளால் மூடியவர் பெர்னார்டு லீச் என்னும் குயவர். சிறுவயதிற் சிறிது காலம் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் அவர். ஓட்டின்மேல் உயர்ந்த கலங்கரை விளக்கம். அதன் அடிவாசலில் மிகச் சிறிய ஓர் உருவம்.

ஊர் திரும்பியபின், ஒரு நாள் காலை கூட்டிப் பெருக்கி முடிந்ததும் முதியவளை அழைத்து, மௌஸல் வீடுகளின் செய்தியைச் சொன்னோம். "அப்ப வீடு சும்மாவா கெடக்குது?" என்றாள். பிறகு வாலிஸின் கதையைச் சொல்லி, வாங்கிவந்த தபால் அட்டைப் படமொன்றைக் காட்டினோம். கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இதுலயும் ஆளக் காணோமே ஐயா."

"கப்பல்தான் இருக்கிறது, பாட்டி."

"கப்பல் போயிக்கிட்டுத்தான இருக்கு? அப்ப ஆளு உள்ளதான் இருக்கும்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். நாலாம் மாடிச் சுவரில் ஆணி இறங்கவில்லை என்றாள். இருந்தாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.